சைடு கார் பைக் வாங்கும் முன் அந்தத் தொட்டியில் உங்கள் மனைவியை ஒரு முறை உட்கார வையுங்கள்

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 54. கைலி வியாபாரம். முப்பது வருடமாக பைக் ஓட்டுகிறார், பெரிய விபத்து எதுவும் இல்லை. மனைவிக்கு இரண்டு வருடம் முன்பு வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகு அவர் பின்சீட்டில் உட்காருவதில்லை. இருபுறமும் கால் போட்டு உட்கார்ந்தால் இடுப்பு பிடிக்கிறது, ஒரு பக்கமாக உட்கார்ந்தால் பயமாக இருக்கிறது என்கிறாராம். வாசகரின் அப்பா ஒரு லாம்பிரெட்டா ஸ்கூட்டரில் சைடு கார், அதாவது பக்கவாட்டில் தனிச் சக்கரத்தோடு பூட்டும் உட்காரும் தொட்டி, வைத்திருந்தார். கார்த்திகை கடைசி ஞாயிறு விரிஞ்சிபுரம் கோயிலுக்கு அம்மாவும் தங்கையும் அந்தத் தொட்டியில் உட்கார, இவர் அப்பாவின் முன்னால் நின்றபடி போன நினைவு அவருக்கு இன்னும் மறக்கவில்லை.

இப்போது பெங்களூரில் ஒருவர் ரஷ்ய யூரல் பைக் ஒன்றை, தொழிற்சாலையிலேயே சைடு காரோடு கட்டிய வண்டி, 12 லட்சத்துக்கு விற்கிறார். "மூன்று சக்கரம் என்பதால் விழாது, மனைவிக்குப் பாதுகாப்பு. தொட்டிக்குள் இருப்பவருக்கு ஹெல்மெட்டும் வேண்டாம். மூன்று வயதுப் பேரனையும் அவள் மடியில் வைத்துக்கொள்ளலாம். வாங்கலாமா மேடம்? என் மைத்துனர் 'எதற்கு இவ்வளவு செலவு, உங்கள் பழைய புல்லட்டிலேயே லேத் பட்டறையில் தொட்டி ஒன்று பூட்டிவிடலாம், எழுபதாயிரத்தில் முடியும்' என்கிறார். எது சரி? சட்டத்தில் சிக்கல் வருமா?" இதுதான் கேள்வி.

ஐயா, வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வேலூர் நீதிமன்றத்தில் இருபது வருடத்துக்கும் மேலாக வாகன விபத்து வழக்குகளை நடத்துகிறவள் நான். வண்டி இயந்திரம் என் துறை இல்லை என்பதால், சைடு கார் வண்டிகளைப் பல வருடம் ஓட்டியும் பிரித்துக் கட்டியும் பழகிய ஒரு மெக்கானிக்கிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து கேட்டேன். அவர் வண்டியின் தொட்டியில் ஏறி, காட்பாடி ரோட்டில் கொஞ்ச தூரம் போயும் பார்த்தேன். அதனால் கீழே வரும் வண்டி விஷயங்கள் நான் கேட்டு, உட்கார்ந்து, தெரிந்துகொண்டவை. சட்ட விஷயங்களை என் பொறுப்பில் சொல்கிறேன்.

நான்கு பக்கத்தில் இன்ஜினைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், விலையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், அப்பாவைப் பற்றி மனம் உருகும்படி எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தொட்டியில் உட்காரப்போகிறவர் என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லை. அவருக்காகத்தானே வாங்குகிறீர்கள்? அதனால் இந்தப் பதில் முழுவதையும் அவருடைய இடத்தில் இருந்தே யோசித்து எழுதுகிறேன்.

மூன்று சக்கரம் இருந்தால் விழாது என்பது சரியா?

நின்றுகொண்டிருக்கும்போது விழாது. ஓடும்போது நிலைமை வேறு. முதலில் இதைச் சரிசெய்துகொள்ள வேண்டும், ஏனென்றால் உங்கள் முடிவு முழுவதும் இந்த நம்பிக்கையின் மேல் நிற்கிறது.

பைக் வளைவில் சாயும். கார் சாயாது, ஆனால் இரண்டு பக்கமும் சமமாக அகன்று நிற்கும். சைடு கார் வண்டி சாயவும் முடியாது, இரு பக்கமும் சமமாகவும் இல்லை. தொட்டி இடப்பக்கம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆக்சிலரேட்டரைத் திருகினால் இன்ஜின் பைக்கை முன்னால் தள்ளும், தொட்டி பின்தங்கி இழுக்கும், வண்டி இடப்பக்கம் இழுக்கும். பைக் சக்கரங்களில் மட்டும் பிரேக் பிடித்தால் பைக் நிற்கப் பார்க்கும், தொட்டி தன் வேகத்தில் முன்னே போகப் பார்க்கும், வண்டியின் மூக்கு வலப்பக்கம் திரும்பும். வலப்பக்கம் என்றால் நம் ஊரில் எதிரே லாரி வரும் பக்கம்.

வளைவுகள் இதைவிட முக்கியம். வலப்பக்கம் திரும்பும்போது எடை தொட்டியின் மேல் அழுந்தும், வண்டி ஓரளவு உறுதியாக நிற்கும். இடப்பக்கம் கொஞ்சம் வேகமாகத் திரும்பினால் தொட்டிச் சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும். நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். நமக்கு இடப்பக்கத் திருப்பம்தான் எப்போதும் குறுகலானது. அதாவது நம் சாலைகளில் அடிக்கடி வரும் இறுக்கமான திருப்பமே இந்த வண்டிக்கு ஆபத்தான திருப்பம். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போகும் ஆசையை எழுதியிருக்கிறீர்கள். அங்கே வரும் இடப்பக்க வளைவுகள் ஒவ்வொன்றிலும் இது நினைவில் இருக்க வேண்டும்.

இதில் பலருக்குத் தெரியாத இன்னொன்று உண்டு. தொட்டியில் ஆள் உட்கார்ந்திருந்தால் அந்த எடையே சக்கரத்தைத் தரையில் பிடித்து வைக்கும். காலியாக இருந்தால் சீக்கிரம் எழும்பும். நீங்கள் மனைவியை வேலூரில் மருத்துவமனையில் இறக்கிவிட்டு, லத்தேரி, கே.வி.குப்பம் வழியாகத் தனியாக வீடு திரும்பும் பயணம்தான் இரண்டில் ஆபத்தானது. போகும்போது இருந்த பழக்கத்தில் திரும்பும்போதும் அதே வேகத்தில் திருப்பத்தை எடுப்பீர்கள். அனுபவசாலிகள் காலித் தொட்டியில் இருபது முப்பது கிலோ மணல் மூட்டையைக் கட்டி வைத்து ஓட்டுவது இதனால்தான். நீங்களும் வாங்கினால் அதைச் செய்யுங்கள்.

முப்பது வருட அனுபவம் இதில் உதவாதா என்று கேட்பீர்கள். வருத்தமான பதில்: அதுவே இடைஞ்சல். பைக்கில் இடப்பக்கம் திரும்ப, நாம் அறியாமலே இடக்கைப் பிடியை முன்னால் தள்ளி வண்டியைச் சாய்க்கிறோம். சைடு காரில் அப்படித் தள்ளினால் வண்டி வலப்பக்கம் போகும். இங்கே ஹேண்டில் பாரை கார் ஸ்டீயரிங் போல, போக வேண்டிய பக்கமே திருப்ப வேண்டும். சாதாரண நேரத்தில் இதை நினைவு வைத்துக்கொள்ளலாம். நாய் குறுக்கே ஓடி வரும் அந்த அரை நொடியில் கை பழைய பாடத்தைத்தான் செய்யும். எனவே வாங்கினால் முதல் ஒரு மாதம் காலி மைதானத்தில், மணல் மூட்டையோடு, எட்டு போட்டும் திடீர் பிரேக் பிடித்தும் பழகுங்கள். அதுவரை மனைவியை ஏற்ற வேண்டாம். அப்புறம், சிக்னலில் நிற்கும்போது காலைக் கீழே ஊன்றும் பழக்கத்தையும் விட வேண்டும். பைக்குக்கும் தொட்டிக்கும் நடுவே இருக்கும் கம்பிகளில் கால் மாட்டினால் எலும்பு தாங்காது.

உங்கள் அப்பா இப்படியெல்லாம் பயப்படவில்லையே என்று தோன்றும். 150 சிசி ஸ்கூட்டர், முப்பது நாற்பது வேகம், சாலையில் எப்போதாவது ஒரு லாரி. அன்று விரிஞ்சிபுரம் வழியாகப் போன சாலையும் இன்றைய ஆறு வழி 48-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும் ஒன்றா ஐயா? நானும் சின்ன வயதில் என் மாமாவின் ஸ்கூட்டர் தொட்டியில் உட்கார்ந்து பாலாற்றுப் பாலத்தைக் கடந்தவள்தான். அந்தக் காற்றை மறக்க முடியாது. அந்த நினைவை மதித்தே சொல்கிறேன், அந்தச் சாலை இப்போது இல்லை.

தொழிற்சாலையில் கட்டியதற்கு உள்ள மதிப்பு

இவ்வளவு சொன்னதால் இந்த வண்டியே ஆகாது என்று நினைத்துவிட வேண்டாம். சைடு கார் என்றால் தொழிற்சாலையில் கட்டியதுதான் என்பது என் உறுதியான கருத்து.

யூரல் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிறந்த வண்டி. ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ ஆர் 71 பைக்கைப் பார்த்து சோவியத் ரஷ்யா 1941-ல் எம்-72 என்ற ராணுவ பைக்கைச் செய்தது. போர் நெருங்கியதும் தொழிற்சாலையை மாஸ்கோவிலிருந்து யூரல் மலைப் பக்கம் இர்பித் என்ற ஊருக்கு மாற்றினார்கள். 2022-ல் உக்ரைன் போருக்குப் பிறகு பூட்டும் வேலை கஜகஸ்தானின் பெட்ரோபாவ்ல் நகரத்துக்குப் போனது. இப்போது வருவது 749 சிசி, காற்றால் குளிரும், இரு பக்கமும் சிலிண்டர் நீட்டிய இன்ஜின். 41 குதிரைத்திறன் அளவுதான். காரணம், இதை வேகத்துக்காகச் செய்யவில்லை, இழுப்பதற்காகச் செய்தார்கள்.

எண்பது வருடமாகத் தொட்டியோடு சேர்த்தே யோசித்துக் கட்டியதால் சில விஷயங்கள் இயல்பாகவே சரியாக இருக்கின்றன. சட்டகம் பக்கவாட்டு இழுவையைத் தாங்கும்படி இருக்கிறது. முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் சாதாரண பைக் போல இல்லாமல் ஹேண்டில் இலகுவாகத் திரும்பும் வகையில் அமைந்திருக்கிறது. சாதாரண பைக்கில் தொட்டி பூட்டினால் ஹேண்டிலைத் திருப்பவே தோள் வலிக்கும். ரிவர்ஸ் கியர் உண்டு. சரிவில் நிறுத்த பார்க்கிங் பிரேக் உண்டு. புதிய மாடல்களில் தொட்டிச் சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் உண்டு, அதனால் பிரேக் பிடிக்கும்போது பக்கம் இழுப்பது வெகுவாகக் குறையும். தொட்டிச் சக்கரம் எவ்வளவு உள்நோக்கி இருக்க வேண்டும், பைக் எவ்வளவு வெளிப்பக்கம் சாய்ந்து நிற்க வேண்டும், தொட்டியின் அச்சு பின் சக்கர அச்சை விட எவ்வளவு முன்னால் இருக்க வேண்டும் என்பதற்கெல்லாம் கம்பெனி அளவு இருக்கிறது. பட்டறையில் கண்ணால் பார்த்து வைக்கிற அளவு அது இல்லை.

குறைகளும் சின்னவை இல்லை. முந்நூறு கிலோவுக்கு மேல் எடை. லிட்டருக்குப் பன்னிரண்டிலிருந்து பதினைந்து கிலோமீட்டர். ஆட்டோவை விட அகலம், வேலூர் லாங் பஜாரில் நுழைந்தால் திரும்பி வர வழி இருக்காது, டோல்கேட்டின் ஓரத்தில் உள்ள பைக் சந்திலும் நுழையாது. காற்றால் குளிரும் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால்தான் குளிரும். அக்னி நட்சத்திரத்தில் கிரீன் சர்க்கிள் நெரிசலில் அரை மணி நேரம் நின்றால் சூடு வண்டிக்கும் ஆகாது, உங்கள் காலுக்கும் ஆகாது. ஒரு கேபிள் அறுந்தாலும் நம் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்த ஒரு சர்வீஸ் சென்டர் இல்லை. பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். வால்வு இடைவெளி பார்ப்பது, ஆயில் மாற்றுவது எல்லாம் உங்கள் கையாலேயே செய்யும் ஆர்வம் இருந்தால் இந்த வண்டி உங்களுக்குத் துணையாக இருக்கும். இல்லையென்றால் வீட்டு வாசலில் தார்ப்பாய் மூடி நிற்கும்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: தொட்டி எந்தப் பக்கம்? யூரல் பெரும்பாலும் சாலையின் வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்காகத் தொட்டியை வலப்பக்கம் வைத்தே வருகிறது. பின் சக்கரத்தோடு தொட்டிச் சக்கரத்துக்கும் இன்ஜின் இழுவை தரும் மாடல்கள் வலப்பக்கத் தொட்டியோடுதான் வருகின்றன. அப்படிப்பட்ட வண்டியை நம் சாலையில் ஓட்டினால் உங்கள் மனைவி சாலையின் நடுப்பக்கம், எதிரே வரும் வாகனங்களுக்கு மிக அருகில், லாரி டயர் உயரத்தில் உட்கார்ந்திருப்பார். முந்தும்போது எதிரே என்ன வருகிறது என்று முதலில் பார்ப்பதும் அவர்தான், முதலில் அடி வாங்குவதும் அவர்தான். தொட்டி வலப்பக்கம் என்றால், அந்த வண்டியை அத்தோடு விட்டுவிடுங்கள்.

முழங்காலுக்கு இது சுகமா?

தொட்டியில் உட்கார்ந்த பிறகு சுகம்தான். காலை நீட்டி வைக்கலாம், முழங்கால் அதிகம் மடங்காது, முதுகுக்குச் சாய்வு உண்டு. நான் போன கொஞ்ச தூரத்தில் நன்றாகவே இருந்தது.

உள்ளே போவதும் வெளியே வருவதும்தான் பாடு. தொட்டிக்குக் கார் போலக் கதவு இல்லை. விளிம்பின் மேல் ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்து, கையை ஊன்றி, தரைக்குப் பக்கத்தில் இருக்கும் சீட்டில் மெல்ல இறங்க வேண்டும். எழும்போது இன்னும் கடினம். தாழ்ந்த இருக்கையிலிருந்து கால் நீட்டிய நிலையில், கையின் பலத்தில் உடம்பைத் தூக்க வேண்டும். நான் புடவையில் இருந்தேன். எனக்கு முழங்கால் நோவு கிடையாது. அப்படியும் வெளியே வர மெக்கானிக்கின் மனைவி கை கொடுக்க வேண்டியிருந்தது. மூட்டு மாற்று செய்தவர்களைத் தாழ்ந்த இருக்கைகளைத் தவிர்க்கச் சொல்வது நீங்கள் அறிந்ததுதான். உங்கள் மனைவிக்கு அறுவை சிகிச்சை செய்த மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ தொட்டியின் படத்தைக் காட்டி, சீட் தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று அளந்து சொல்லிக் கேளுங்கள். இதில் என் கருத்தை விட அவர்கள் கருத்து பெரியது.

இன்னொன்று. பைக் ஒரு தடத்தில் ஓடும், குழியைச் சுற்றிப் போகலாம். கார் இரண்டு தடம். சைடு கார் வண்டி மூன்று தடம். ஒரு குழியைத் தவிர்த்தால் இன்னொரு சக்கரம் அதில் இறங்கும், பெரும்பாலும் அது அவர் உட்கார்ந்திருக்கும் சக்கரம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் பிரிவு 2(27), மோட்டார் சைக்கிள் என்பதில் கழற்றக்கூடிய சைடு காரையும் சேர்த்தே சொல்கிறது. ஆகவே உங்களிடம் இருக்கும் கியர் பைக் லைசென்ஸ் போதும். சைடு காரைச் சட்டம் தெரியாத பொருளாகப் பார்க்கவில்லை. ஆர்.டி.ஓ. அலுவலகங்கள் பயன்படுத்தும் வாகன் கணினி முறையிலும் சைடு காரோடு கூடிய மோட்டார் சைக்கிள் என்று தனி வகையே இருக்கிறது. பெங்களூர் வண்டியின் ஆர்.சி.யில் வகை அப்படி இருக்கிறதா, இருக்கை எண்ணிக்கை எவ்வளவு என்று பாருங்கள். வெறும் மோட்டார் சைக்கிள், இருக்கை 2 என்று இருந்தால் அந்தத் தொட்டி காகிதத்தில் இல்லாத தொட்டி.

ஹெல்மெட் விஷயத்தில் நீங்கள் சொல்வது பழைய சட்டம். பிரிவு 129 முன்பு சைடு காரில் இருப்பவருக்கு விலக்கு கொடுத்திருந்தது. 2019 திருத்தத்தில் அந்த விலக்கை எடுத்துவிட்டார்கள். நான்கு வயதுக்கு மேல் மோட்டார் சைக்கிளில் ஓட்டுபவர், உட்காருபவர், ஏற்றிச் செல்லப்படுபவர் எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம். மீறினால் 1,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பு. அபராதம் கிடக்கட்டும், அவர் தலை தரைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.

பேரனை மடியில் வைப்பது வேண்டவே வேண்டாம். ஒன்பது மாதத்திலிருந்து நான்கு வயது வரையுள்ள குழந்தையை மோட்டார் சைக்கிளில் ஏற்றினால், ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டை, குழந்தைக்கு ஹெல்மெட், 40 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகம் என்று 2023-லிருந்து விதி இருக்கிறது. மடியில் இருக்கும் குழந்தையைத் திடீர் பிரேக்கில் எந்தப் பாட்டியின் கையாலும் பிடித்து வைக்க முடியாது.

வெளி மாநில வண்டி என்பதால் அங்கிருந்து என்.ஓ.சி. என்னும் தடையில்லாச் சான்று (படிவம் 28), உரிமை மாற்றத்துக்குப் படிவம் 29, 30, இங்கே புதுப் பதிவு எண், தமிழ்நாட்டு ஆயுள் வரி எல்லாம் வரும். 12 லட்சத்தோடு இதையும் கூட்டிக்கொள்ளுங்கள். இறக்குமதி வண்டி என்பதால் ஒரு தாளை மட்டும் கண்டிப்பாகக் கேளுங்கள்: சுங்கத்துறையின் இறக்குமதித் தாளான பில் ஆஃப் என்ட்ரி. அதில் உள்ள சேசிஸ் எண்ணும் வண்டியில் குத்தியிருக்கும் எண்ணும் ஆர்.சி.யில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். தூதரகக்காரர்கள் வரிச் சலுகையில் கொண்டுவந்த வண்டிகளும் கைமாறி வரும். அவற்றுக்குப் பின்னால் சுங்க வரி கட்டிய ரசீது இல்லாவிட்டால் வண்டி ஒரு நாள் உங்கள் வாசலிலிருந்து போய்விடும், பணம் திரும்பாது. அசல் தாள்களைப் பார்க்காமல் முன்பணமாக ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

மைத்துனர் சொல்லும் வழி

கூடாது. காரணத்தை என் வழக்கு ஒன்றிலிருந்தே சொல்கிறேன்.

சில வருடம் முன்பு ஒரு குடும்பம் என்னிடம் வந்தது. 350 சிசி பைக்கில் பட்டறையில் தொட்டி வெல்டிங் செய்து பூட்டியிருந்தார்கள். மாமியாரை வாரம் இரண்டு நாள் சிகிச்சைக்கு அழைத்துப்போக. நல்ல எண்ணம்தான். ஒரு நாள் இடப்பக்கம் சர்வீஸ் ரோட்டில் திரும்பும்போது தொட்டிச் சக்கரம் எழும்பியது, மருமகன் பயந்து பைக் பழக்கத்தில் ஹேண்டிலைத் தள்ளினார், வண்டி வலப்பக்கம் பாய்ந்து தடுப்பில் மோதியது. அந்தம்மாவுக்குக் காறை எலும்பும் மணிக்கட்டும் உடைந்தன. ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தது. நிறுவனம் கேட்ட முதல் கேள்வி: ஆர்.சி.யில் இல்லாத இருக்கையில் அவர் எப்படிப் பயணி ஆவார்? அந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. மூன்று வருடம் இழுத்து, கடைசியில் மக்கள் நீதிமன்றத்தில் கேட்டதில் பாதிக்கும் குறைவான தொகைக்குச் சமரசம் செய்துகொண்டோம். அந்தக் குடும்பத்தில் அதன் பிறகு மருமகனும் மாமியாரும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை. எனக்கு அந்தத் தொகையை விட அதுதான் மனதை அறுக்கிறது.

பிரிவு 52-ன்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொன்னது. அனுமதியில்லாமல் மாற்றிய உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று பிரிவு 182ஏ சொல்கிறது. உங்கள் மைத்துனர் யாராவது ஒரு தயாரிப்பாளரின் தொட்டிக்கு ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை அமைப்பின் ஒப்புதல் தாளைக் கொண்டுவந்தால் அது வேறு பேச்சு. அப்போதும் வேலைக்கு முன்பே ஆர்.டி.ஓ.விடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். பூட்டிய பிறகு போய் நின்றால் கழற்றச் சொல்வார்கள்.

இன்சூரன்ஸில் ஒரு வார்த்தை

சட்டப்படி கட்டாயமான தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் போட்டால், உங்கள் வண்டியிலேயே இலவசமாக உட்கார்ந்து வருபவருக்கு அதில் பாதுகாப்பு இல்லை. பின்சீட்டுக்காரர் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2006-லேயே இதைச் சொல்லிவிட்டது. ஆயிரக்கணக்கான பேர் இது தெரியாமல்தான் குறைந்த பிரீமியம் என்று அதை மட்டும் போடுகிறார்கள். நீங்களே தனியாகச் சறுக்கி விழுந்தால், எதிர் வாகனம் ஒன்றும் இல்லாததால், உங்கள் மனைவி நஷ்ட ஈடு கேட்க வேறு கதவே கிடையாது. எனவே ஃபுல் இன்சூரன்ஸ் என்று சொல்லும் பாக்கேஜ் பாலிசி எடுங்கள், அதில் சைடு கார் என்ற சொல்லும் இருக்கை எண்ணிக்கையும் அச்சில் இருக்க வேண்டும். ஏஜெண்ட் போனில் "எல்லாம் கவர் ஆகும் சார்" என்று சொல்வது நீதிமன்றத்தில் சாட்சி ஆகாது. வண்டியை வாங்கிய 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள். உரிமையாளரே ஓட்டுபவராக இருப்பவருக்கான 15 லட்சம் விபத்துக் காப்பு உங்களுக்கு மட்டும்தான், அவருக்கு இல்லை. அவருக்குத் தனி விபத்து பாலிசி ஒன்று எடுங்கள், செலவு பெரிதாக வராது.

சரி, என்னதான் செய்வது?

மனைவியின் முழங்காலுக்காக என்றால் யூரல் வேண்டாம். இதைத் தயக்கமில்லாமல் சொல்கிறேன். அந்த 12 லட்சத்துக்குள் கதவு திறந்து, இடுப்பு உயரத்தில் சீட் உள்ள ஒரு புதிய சின்னக் காரே வரும், கொஞ்சம் மிச்சமும் இருக்கும். மழையிலும் வெயிலிலும் அவர் போகலாம், பேரனும் அவனுக்கான சீட்டில் பெல்ட் போட்டு வரலாம். கார் ஓட்டத் தெரியாது என்று எழுதியிருந்தீர்கள். சைடு கார் பழகும் அதே ஒரு மாதத்தில் கார் பழகிவிடலாம், அதற்குச் சொல்லித்தர குடியாத்தத்திலேயே ஆள் இருக்கிறார்கள். சைடு காருக்குச் சொல்லித்தர நான் தேடியதில் ஒரே ஒருவர்தான் கிடைத்தார்.

அப்பாவின் நினைவுக்காக, உங்கள் சந்தோஷத்துக்காக என்றால் அது வேறு கேள்வி. அதற்கு நான் குறுக்கே நிற்கமாட்டேன். 54 வயதில் ஒரு மனிதர் தனக்கென்று ஒன்றை ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் அதை "அவளுக்காக" என்று பெயர் வைக்காமல் "எனக்காக" என்று வீட்டில் சொல்லிவிட்டு வாங்குங்கள். அப்போது கணக்கு மாறும். தினசரி ஓட வேண்டியதில்லை, ஞாயிறு காலை வெயில் ஏறும் முன் வள்ளிமலை வரை போய் வந்தால் போதும். மலைப்பாதை வேண்டாம், நெடுஞ்சாலையில் இரவு வேண்டாம். அவருக்கு விருப்பமிருந்தால் வருவார்.

இந்த இரண்டில் எது என்று நீங்களே இன்னும் முடிவு செய்யவில்லை என்று உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது எனக்குத் தோன்றியது. அதனால் பெங்களூருக்குத் தனியாகப் போகாதீர்கள். காட்பாடியில் ரயில் ஏறி இருவரும் போங்கள். வண்டியை நீங்கள் ஓட்டிப் பார்க்கும் முன், அவரை அந்தத் தொட்டியில் யார் கையும் பிடிக்காமல் இரண்டு முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். சின்ன முக்காலி ஒன்றை விற்பவரிடம் கேட்டு வாங்கி வையுங்கள், முக்காலியோடு ஒரு முறை, இல்லாமல் ஒரு முறை. பிறகு விற்பவர் ஓட்ட, அவர் கால் மணி நேரம் போய் வரட்டும். அந்த நேரத்தில் நீங்கள் ஆர்.சி.யையும் பில் ஆஃப் என்ட்ரியையும் எண் எண்ணாக ஒப்பிட்டுப் பாருங்கள். திரும்பி வந்து அவர் என்ன சொன்னாரோ அதை அவர் கையாலேயே எனக்கு எழுதச் சொல்லுங்கள். தாள்களின் நகலையும் சேர்த்து அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன்.